அருவி ஆற்றில் தாரா தேடி வள்ளத்தில் போகலாமா?

கேள்வியைச் சுருக்கித் தந்துவிடுகிறேன். கேட்டவர் கனடாவில் வளர்ந்த ஒரு தம்பி. ஒன்ராறியோவில் நண்பர்களோடு சென் லோரன்ஸ் ஆற்றில் சிறிய அலுமினியப் படகில் தாரா (காட்டு வாத்து) வேட்டைக்குப் போய்ப் பழகியவர். மார்கழி விடுமுறைக்கு இலங்கையின் மன்னார் மாவட்டத்தில், நானாட்டானில் உள்ள தாய்மாமன் வீட்டுக்கு வருகிறார். அருவி ஆற்றில் ஒரு வள்ளம் பிடித்து, நான்கு பேராக விடியற்காலையில் தாரா தேடிப் போக ஆசை. "அங்கேயும் வேகமான பெரிய ஆறு, இங்கேயும் அப்படித்தான். அங்கே எடுக்கிற முன்னெச்சரிக்கைகள் இங்கேயும் போதுமா?" என்பது கேள்வி.

போதாது, தம்பி. சில முன்னெச்சரிக்கைகள் இரண்டு ஆறுகளுக்கும் பொது; அவற்றையும் சொல்கிறேன். ஆனால் அருவி ஆற்றின் குணம் வேறு. அதை முதலில் விளங்கிக்கொள்ளாமல் உயிர்காப்பு அங்கியை மட்டும் மாட்டிக்கொண்டு இறங்குவதில் பயனில்லை.

அதற்கும் முன்னால் துவக்கைப் பற்றி ஒரு வார்த்தை. கனடாவில் போல அனுமதிச்சீட்டு வாங்கிக்கொண்டு தாரா சுடும் பருவகாலம் என்று ஒன்று இங்கே இல்லை. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதற்குப் பின்வந்த திருத்தங்களும் வலசை வரும் தாராக்களுக்குப் பாதுகாப்புத் தருகின்றன. அனுமதியில்லாத் துவக்கோடு வன்னியில் பிடிபடுவது என்னவென்று உங்கள் மாமனைக் கேட்டால் விளக்கமாகச் சொல்வார். ஆகவே கமராவும் தொலைநோக்கியும் கொண்டுவாருங்கள். இனி நான் சொல்வதெல்லாம் அந்தப் பயணத்துக்கானது. கமராவோடு எழுந்து நிற்பவரும் துவக்கோடு எழுந்து நிற்பவரும் வள்ளத்துக்கு ஒன்றுதான் என்பதால், நீங்கள் திரும்பிப்போய் அங்கே வேட்டைக்கு இறங்கும்போதும் இதில் பெரும்பகுதி உதவும்.

அடுத்த விடயம்: தாராக்கள் ஓடும் ஆற்றில் இருப்பதில்லை. வடக்கேயிருந்து ஐப்பசி முதல் நம் பக்கம் வந்து இறங்கும் நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, நாமத்தலை வாத்து எல்லாம் ஆழமில்லாத, அசையாத நீரில் மேய்பவை. முங்கிக் குளிக்கிற ஆழத்தைக்கூட அவை விரும்புவதில்லை. தலையை நீருக்குள் விட்டு வாலை மேலே தூக்கினால் வாய்க்கு அடிச்சேறு எட்ட வேண்டும். வெள்ளத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு இரை தேடும் தாராவை நீங்கள் பார்க்கப் போவதில்லை. மன்னார்த் தீவுக்குப் போகும் பாலத்துக்கு இருபுறமும் உள்ள கடல்நீரேரிகளிலும், வங்காலைச் சரணாலயத்திலும், கட்டுக்கரைக் குளத்தின் ஆழமில்லா ஓரங்களிலும் அவை கூட்டமாக இருக்கும். வங்காலை 2010 இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அங்கே வீதியோரத்தில் நின்றே ஊசிவால் வாத்தையும் அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைகளையும் பார்க்கலாம், வள்ளமே வேண்டாம்.

உங்கள் சென் லோரன்ஸ் ஆற்றிலும் கதை இதுதான். தாரா இருப்பது கோரைப்புல் ஓரங்களிலும் தீவுகளுக்குப் பின்னால் உள்ள அமைதியான நீரிலும். ஆனால் அங்கே போய்ச் சேர நடு ஆற்றைக் கடக்க வேண்டும், அதுவும் இருட்டில், சாமான்கள் நிறைந்த படகில். வேட்டைக்காரர்களின் படகு கவிழ்வது பெரும்பாலும் இப்படிப் போகும்போதும் வரும்போதும்தான். அமைதியான நீரிலிருந்து படகின் முன்பக்கம் ஓட்டத்துக்குள் நுழையும் அந்தக் கணத்தில் முன்பக்கத்தை ஆறு இழுக்கும். பின்பக்கம் இன்னும் நின்ற நீரில் இருக்கும். படகு சுழன்று மேல்நீர்ப் பக்கமாக, அதாவது ஓட்டம் வரும் பக்கமாக, சரியும். அந்தக் கோட்டைக் கடக்கும்போது எல்லோரும் கீழே அமர்ந்து, கீழ்நீர்ப் பக்கமாக, அதாவது ஓட்டம் போகும் பக்கமாக, சற்றுச் சாய வேண்டும். பயத்தில் உடம்பு எதிர்ப்பக்கம்தான் சாயும்; அதனால்தான் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

இப்போது அருவி ஆறு. இலங்கையில் மகாவலிக்கு அடுத்த நீளமான ஆறு, 164 கிலோமீற்றர். ஆடி, ஆவணியில் பார்த்தால் இதையா ஆறு என்கிறார்கள் என்று தோன்றும். மணலில் நடந்தே கடக்கலாம். கார்த்திகை, மார்கழியில் அதே இடத்தில் கரையோர மரங்களின் இடுப்பளவுக்குத் தண்ணீர் நிற்கும். மோசம் என்னவென்றால், அந்தத் தண்ணீர் நம்முடைய மழை அல்ல. ஆறு தம்புள்ளைப் பக்கத்து மலைச்சரிவுகளில் தொடங்கி அநுராதபுரப் பக்கத்து நீரை வடித்துக்கொண்டு வருகிறது. நாச்சதுவ போன்ற பெரிய குளங்கள் அதன் வழியில் இருக்கின்றன. அங்கே குளம் நிறைந்து வான்கதவு திறந்தால், நானாட்டானில் வெயில் எறித்துக்கொண்டிருக்கும் நாளில் ஆறு ஏறும். வானத்தைப் பார்த்து ஆற்றைக் கணிப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஊர்க்காரரே ஏமாறுவதுண்டு.

ஆகவே பார்க்க வேண்டியது உள்ளூர் வானிலையை அல்ல, மேலே என்ன நடக்கிறது என்பதை. நீர்ப்பாசனத் திணைக்களம் இந்த ஆற்றின் நீர்மட்டத்தைத் தந்திரிமலையில் அளக்கிறது. மழைக்காலத்தில் வெள்ள அறிவிப்புகளில் மல்வத்து ஓயா என்ற பெயரில் அந்த அளவு வரும். அது ஏறிக்கொண்டிருந்தால் மன்னாருக்கு வெள்ளம் வழியில் இருக்கிறது என்று பொருள். துறைக்கு வந்த பிறகு செய்யக்கூடிய எளிய சோதனையும் உண்டு. நீரும் கரையும் சேரும் இடத்தில் ஒரு தடியை ஊன்றிவிட்டு அரைமணி நேரம் தேநீர் குடியுங்கள். தடியைத் தாண்டித் தண்ணீர் ஏறியிருந்தால் வீட்டுக்குப் போங்கள். பச்சை இலையோடு முறிந்த கொப்புகள் மிதந்து வருவதும், நிறம் திடீரென்று செம்மண் கலங்கலாக மாறுவதும் அதே செய்தியைத்தான் சொல்கின்றன. இது அருவி ஆற்றுக்கு மட்டும் உரியதல்ல. 2018 மார்கழியில் கடும் மழையோடு கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து வான்கதவுகளும் திறக்கப்பட்டபோது கனகராயன் ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்தவர்கள் பட்ட பாட்டைக் கிளிநொச்சியார் மறக்கமாட்டார்கள். கதவைத் திறப்பவர் ஆற்றில் யார் வள்ளத்தில் இருக்கிறார் என்று பார்த்துவிட்டுத் திறப்பதில்லை.

ஓட்டத்தின் பலத்தைப் பற்றி எல்லோரும் குறைவாகவே நினைக்கிறார்கள். நீரின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. நேற்று நீங்கள் சமாளித்த ஆறு இன்று சற்றே வேகமாக ஓடுவதாகத் தெரிந்தால், துடுப்புப் போடுபவரின் தோளுக்கு அது "சற்றே" அல்ல.

இந்த ஆற்றின் உண்மையான பொறி மரங்கள். கரை நெடுக மருத மரங்கள். வெள்ளத்தில் ஆறு தன் படுகையை விட்டுக் காட்டுக்குள் புகுந்துவிடுவதால், வள்ளமும் மரங்களுக்கிடையே போகத் தொடங்கும். சாய்ந்து கிடக்கும் மரத்தின் கொப்புகளுக்கூடாகத் தண்ணீர் தாராளமாகப் போகும். ஆளோ வள்ளமோ போகாது. பின்னாலிருந்து வரும் ஓட்டம் உங்களைக் கொப்புகளோடு சேர்த்து அழுத்தி வைத்துக்கொள்ளும். கைகால் பலம் அங்கே செல்லாது. நல்ல நீச்சல்காரர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள். வள்ளம் பக்கவாட்டில் மரத்தில் மோதிவிட்டால் எல்லோரும் மரத்தின் பக்கமாகச் சாய வேண்டும். மோதலுக்குப் பயந்து மரத்திலிருந்து விலகிச் சாய்ந்தால் மேல்நீர்ப் பக்க விளிம்பு தாழ்ந்து, ஒரு நொடியில் வள்ளம் நிறைந்துவிடும். நீருக்குள் விழுந்து மரத்தை நோக்கி அடித்துச் செல்லப்பட்டால் முதலில் விலகி நீந்தப் பாருங்கள். முடியாது என்று தெரிந்தவுடன் மரத்தை நோக்கியே தலை முன்னாக வேகமாக நீந்தி, மேலே தாவி ஏற வேண்டும். காலை முன்னே நீட்டிக்கொண்டு போனால் கொப்புக்குள் செருகுவீர்கள்.

அடுத்தது தேக்கம் என்னும் இடம். கட்டுக்கரைக் குளத்துக்கு ஆற்று நீரைத் திருப்புவதற்காகக் கட்டிய அணைக்கட்டு அது. இந்த மாதிரித் தாழ்ந்த அணைகள் மேலிருந்து பார்க்கும்போது பயமூட்டுவதில்லை. வெள்ளத்தில் அணை ஏறக்குறைய மூழ்கியிருக்கும்போது ஆற்றுக்குக் குறுக்கே வழுவழுப்பான ஒரு கோடு மட்டும்தான் தெரியும். அதைத் தாண்டிக் கீழே விழும் நீர் அடியில் புகுந்து, மேலெழும்பி, திரும்ப அணையை நோக்கியே உருளும். அதில் அகப்பட்ட வள்ளமும் ஆளும் வெளியே வர முடியாமல் அங்கேயே சுழல்வார்கள். மிதக்கும் அங்கி அணிந்திருந்தாலும். கீழ்ப்பக்கத்திலிருந்து மீட்கப் போகும் வள்ளத்தையும் அந்த உருளல் அணையை நோக்கி இழுக்கும். ஆகவே மேற்பக்கமாகவோ கீழ்ப்பக்கமாகவோ அணைக்குக் கிட்டே போகவே வேண்டாம். வெள்ளத்தைப் பார்க்க ஆசையென்றால் கரையிலே பாதுகாப்பான தூரத்தில் நின்று பாருங்கள். உங்கள் சென் லோரன்ஸிலும் நீர்மின் அணைகள் இருக்கின்றன. அங்கே மிதவைத் தடையும் எச்சரிக்கைப் பலகையும் இருக்கும். இங்கே ஊர்க்காரரின் வாய்தான் பலகை.

நங்கூரம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பறவைக்காக ஒரே இடத்தில் நிற்க ஆசைப்படுபவர்கள் எல்லோரும் இந்தத் தவறைச் செய்கிறார்கள். ஓடும் நீரில் நங்கூரக் கயிற்றை வள்ளத்தின் அணியத்தில், அதாவது முன்முனையில் மட்டுமே கட்ட வேண்டும். பின்பக்கத்தில் கட்டினால், என்ஜினின் பாரத்தால் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் பக்கத்தை ஓட்டம் இன்னும் கீழே இழுக்கும். நீர் உள்ளே ஏறும். அவிழ்க்க நேரம் இருக்காது. பக்கவாட்டில் கட்டுவது இன்னும் மோசம். கயிறு ஆழத்தைப்போல ஐந்து, ஏழு மடங்கு நீளமாக இருக்கட்டும். குறுகிய கயிறு அணியத்தைக் கீழே பிடித்து வைத்துக்கொள்ளும். உறையிட்ட கத்தி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். நங்கூரம் அடியில் சிக்கிக்கொண்டால் வெட்டிவிடுங்கள். நங்கூரத்தின் விலையைக் கணக்குப் பார்த்துக் குனிந்து இழுத்துக்கொண்டிருந்தால் வள்ளமே போகும்.

நான்கு பேர் என்றீர்கள். எந்த வள்ளத்தில்? கட்டுக்கரையில் மீன்பிடிப்பவர்களின் கண்ணாடியிழை வள்ளங்கள் சிறியவை. ஒருவர் துடுப்புப் போட, ஒருவர் வலை இழுக்கக் கட்டியவை. அதில் நான்கு பேரும் கமராப் பெட்டிகளும் ஏறினால் விளிம்புக்கும் நீருக்கும் இடையே ஒரு சாண்கூட இராது. கனடாவில் உங்கள் படகில் எத்தனை பேர், எவ்வளவு எடை என்று தகடு அடித்திருப்பார்கள். இங்கே அது இல்லை. வள்ளக்காரர் சொல்வதே கணக்கு. அங்கேயும் தகட்டில் ஆட்களை மட்டும் எண்ணிவிட்டு, பொய்த்தாராக்களையும் (தாராக்களை ஈர்க்க மிதக்கவிடும் பொம்மைகள்) நாயையும் தோட்டாப் பெட்டிகளையும் மறந்துவிடுபவர்கள் உண்டு. வள்ளத்தின் அடியில் இரண்டு அங்குலத் தண்ணீர் தேங்கினாலே ஒரு பதினான்கு அடி வள்ளத்தில் ஏறக்குறைய 200 கிலோ கூடிவிடுகிறது. அந்தப் பாரம் ஓரிடத்தில் இராது. வள்ளம் சரியும் பக்கமெல்லாம் ஓடிச்சேரும். இறைக்கிற சட்டி ஒன்றைக் கயிற்றில் கட்டியே வையுங்கள்.

எழுந்து நிற்பது தனிப் பிரச்சினை. தாராக்கூட்டம் கிளம்பியவுடன் இரண்டு பேர் ஒரே பக்கமாக எழுவார்கள். துவக்கென்றால் சுடும்போது பின்னுதைப்பும் சேரும். ஆகவே ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் படம் எடுப்பது, அதுவும் அமர்ந்தபடி, என்று கரையிலேயே பேசிக்கொள்ளுங்கள். சிறுநீர் கழிக்க எழுந்து நிற்பதும் இதில் சேரும். இதைப் பற்றி யாரும் பேச விரும்புவதில்லை.

உயிர்காப்பு அங்கியை வள்ளத்தில் வைத்திருப்பது அணிந்திருப்பதாகாது. படகு விபத்துகளில் நீரில் மூழ்கி இறந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அங்கி அணிந்திருக்கவில்லை என்பதை அமெரிக்கக் கரையோரக் காவல்படையின் ஆண்டறிக்கைகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. நம் பக்கத்தில் அளவான அங்கி கிடைப்பது கடினம். உங்களுடையதைப் பயணப் பெட்டியில் கொண்டுவாருங்கள். மாமனின் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. போட்டபின் தோள்ப்பட்டியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். நாடியைத் தாண்டி ஏறினால் பட்டியை இறுக்க வேண்டும். சாரம் கட்டிக்கொண்டு வள்ளம் ஏறும் வழக்கத்தை மாமன் விடமாட்டார். ஆனால் நனைந்த சாரம் காலைச் சுற்றிக் கட்டிப்போடும். அரைக்காற்சட்டை போதும். உங்கள் வேட்டைக்கான மார்பளவு இறப்பர் உடையைப் பற்றி அங்கே ஒரு பயம் உண்டு: தண்ணீர் புகுந்தால் கல்லைப்போல் கீழே இழுக்கும் என்று. நீருக்குள் நீருக்குப் பாரம் இல்லை, அது இழுக்காது. ஆனால் ஓட்டம் அதைப் பிடித்துத் தள்ளும், கரையேறும்போது உள்ளே உள்ள நீரின் முழுப் பாரமும் காலில் விழும். இடுப்பில் பட்டி இறுக்கியிருந்தால் பெரும்பகுதி நீர் புகாது.

குளிரைப் பற்றி இங்கே நீளமாகச் சொல்லத் தேவையில்லை. அங்கே கார்த்திகை ஆற்றில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுப்படுத்த ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்கப் பத்து நிமிடம், நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்று மனிரோபாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் வகுத்த கணக்கை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அருவி ஆற்று நீர் அப்படிக் கொல்லாது. வாடைக்காற்றில் நனைந்தபடி இரண்டு மூன்று மணி நேரம் இருந்தால் விரல் விறைக்கும், புத்தி மந்தமாகும். அதற்கு ஒரு காய்ந்த சட்டையும் சுடுதண்ணீர்ப் போத்தலும் போதும்.

வள்ளம் கவிழ்ந்தால்: அதன் மேல்நீர்ப் பக்கமாக இருங்கள். நீர் நிறைந்த வள்ளம் ஒரு தொன் எடைக்குக் கிட்ட வரும். கீழ்நீர்ப் பக்கத்தில் இருந்தால் உங்களை மரத்தோடு வைத்து நசுக்கும். முன்னால் மரமோ அணையோ இல்லாதவரை வள்ளத்தை விடாதீர்கள். தனியாக மிதந்தால் மல்லாந்து, கால்களை ஓட்டம் போகும் திசையில் நீருக்கு மேல் வைத்து, கைகளால் கரைப்பக்கம் ஒதுங்குங்கள். நிலம் எட்டுகிறது என்று நடுவில் எழுந்து நிற்க வேண்டாம். வேருக்குள் கால் செருகினால், ஓட்டம் முதுகில் அழுத்தி முகத்தை நீருக்குள் தள்ளும். என்ஜின் ஓட்டுபவர் அவசர நிறுத்தக் கயிற்றை உடம்பில் கட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் விழுந்த பின்னும் விசிறி சுழன்றுகொண்டே இருக்கும்.

கரையேறும் இடத்திலும் கவனம். முதலை உண்டு, வெள்ளத்தில் அவையும் ஓட்டமில்லாத மூலைகளைத்தான் தேடும். அதைவிட எனக்குப் பயம் மிதிவெடி. மன்னாரிலும் முல்லைத்தீவிலும் வெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை, வெள்ளமோ புதைந்ததைக் கிளப்பி இடம் மாற்றிவிடும். தெரியாத கரையில் காடு பார்க்க இறங்காதீர்கள். மண்டையோட்டுப் பலகை இல்லை என்பதால் அங்கே ஒன்றும் இல்லை என்றாகாது.

இவ்வளவும் சொன்னபின், என்னைக் கேட்டால் என்ன செய்வேன்? மார்கழியில் ஆற்றில் இறங்கமாட்டேன். குஞ்சுக்குளத்துத் தொங்குபாலத்திலிருந்து வெள்ளத்தைப் பார்த்துவிட்டு, தாராவுக்கு வங்காலைக்கும் கட்டுக்கரைக்கும் போவேன். வள்ளம் வேண்டுமென்றால் தை மாதம் பின்பகுதியில், மழை ஓய்ந்தபின், கட்டுக்கரையில். அதுவும் சரணாலயம் என்பதால் வனசீவராசிகள் திணைக்களத்தைக் கேட்டுவிட்டுத்தான். அங்கே ஓட்டம் இல்லை, ஆனால் ஆழம் குறைந்த பெரிய குளத்தில் வாடை எழும்பினால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் வரும். சிறு வள்ளத்துக்கு அது கடலலையைவிடத் தொல்லை. விடியலில் போய், காற்று எழும்புமுன் திரும்பிவிட வேண்டும். நீருக்குள் பட்டமரக் குற்றிகளும் வலைகளும் இருப்பதால் இருட்டில் போவது உள்ளூர் மீனவருக்கு மட்டும்தான் ஆகும். ஆகவே அவரோடு போங்கள், அவர் துடுப்பைப் பிடிக்கட்டும். அவர் வானத்தைப் பார்த்துவிட்டு "இன்றைக்கு வேண்டாம்" என்றால், கூடுதல் காசு காட்டி மனதை மாற்றாதீர்கள். காசு தேவைப்படுகிற மனிதர் சில வேளை சம்மதித்துவிடுவார்.

கிளம்புமுன் எந்தத் துறையில் இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று மாமியிடம் சொல்லுங்கள். மாமன் உங்களோடு வரத்தான் பார்ப்பார். கைத்தொலைபேசியைத் தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள். பையில் வைத்தால் அது வள்ளத்தோடு போகும். பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. ஆற்றங்கரைக் காட்டுக்குள் பல இடங்களில் சிக்னல் கிடையாது என்பதால், அங்கியின் பட்டியில் ஒரு விசிலும் கட்டிவிடுங்கள்.